கீழே வைக்காத கோப்பை

சல்த்,
சனிக்கிழமை காலை.

அன்பு மகன் முஃதஸிமுக்கு உன் சித்தப்பா ஸுஹ்தி எழுதுவது. குவைத்தின் வெயிலிலிருந்தும் மேலதிகாரிகளின் கண்ணேற்றிலிருந்தும் இறைவன் உன்னைக் காப்பானாக. இங்கே நானும் உன் சித்தி இன்திஸாரும் நலம். நேற்று கெராக்கிலிருந்து திரும்பினோம். வண்டியில் ஐந்து மணி நேரம். சித்தி மூன்று என்கிறாள்.

நீ எந்தச் செய்திக்காகக் காத்திருக்கிறாய் என்று தெரியும். அதற்கு வருகிறேன். எனக்கு எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் வரும்.

உன் மனைவி சவ்சன் குழந்தையோடு கெராக்கிலுள்ள பிறந்த வீட்டுக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. "கோபத்தில் ஏதோ எழுதிவிட்டேன், நீங்கள் பெரியவர்களோடு போய்க் கேட்டு அழைத்து வாருங்கள்" என்று எழுதியிருந்தாய். அவள் வீட்டாரும் இந்த வெள்ளிக்கிழமை வரை பொறுப்போம், அதற்குள் யாரும் வந்து கேட்காவிட்டால் நீதிமன்றம்தான் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். அண்ணன் இல்லாத குறையை நான் வைப்பேனா? நாற்பது வண்டியில் ஊர்ப் பெரியவர்களைத் திரட்டிக்கொண்டு கிளம்பினேன். ஒரே ஒரு வேன் என்று எழுதச் சொல்கிறாள் சித்தி. சரி, ஒரு வேன். அதில் என்னோடு சித்தியும் மருந்துக்கடை வாஹிதும் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். ஆனால் நாற்பது பேருக்குரிய கம்பீரத்தோடு போனோம்.

வியாழன் மாலை அவர்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். எங்களையும் அழைத்திருந்தார்கள். அதுவே நல்ல சகுனம் என்று நினைத்தேன். ஆட்டக்காரர்கள் கைகோத்து நின்றதும் வரிசையின் தலையில் என்னைத்தான் நிறுத்தினார்கள். கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு நான் காலை உதைத்த உதையில் கெராக் கோட்டையே அதிர்ந்திருக்கும். உன் மாமனார் ஃபர்ஹான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. "நாளைக்கு ஜும்ஆ தொழுகை முடிஞ்சு நம்ம வீட்டுக்கு வாங்க சம்பந்தி. உங்க வாயால கேக்கணும்னுதான் காத்துக்கிட்டிருக்கேன்" என்றார். எவ்வளவு மரியாதை பார்த்தாயா என்று சித்தியிடம் பத்து முறையாவது சொல்லியிருப்பேன். அன்று இரவு என் பழைய பட்டாளத் தோழன் வீட்டில் படுத்தோம்.

வெள்ளி காலை உன் மகள் தீமாவை எங்களிடம் அனுப்பி வைத்தார்கள். தோளில் தூக்கி வைத்துக் கோட்டைச் சுவர் வரை கூட்டிப்போனேன். நாலு வயதுக்கு என்ன பேச்சு பேசுகிறாள். "உன் கால் ஏன் இப்படி நடுங்குது? நீ கிழவனா?" என்று கேட்டாள். நான் சிங்கம் என்றேன். "சிங்கத்துக்கு வால் இருக்கும்" என்றாள். எள் ரொட்டி வாங்கித் தின்றோம். உங்க அப்பா எங்கே என்று சித்தி கேட்டதற்கு, "போட்டோ சட்டத்துக்குள்ள இருக்கார். ஆணியில மாட்டியிருந்தோம். இப்ப கழட்டிட்டாங்க" என்றாள்.

தொழுகை முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போனோம். முறை உனக்குத் தெரியாததல்ல. பெண்ணைக் கேட்டுப் போகிறவன் முதல் கோப்பைக் காப்பியைத் தொடாமல் கீழே வைக்க வேண்டும். வந்த காரியம் நடக்காமல் குடிக்க மாட்டோம் என்று சொல்ல வேண்டும். வீட்டுக்காரர், குடியுங்கள், தந்தோம் என்பார். அதோடு முடிந்தது. பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த விஷயம். இந்த வாயால் பதினோரு பெண்களைப் புருஷன் வீட்டுக்குத் திருப்பி அழைத்து வந்தவன் நான்.

அந்தப் பதினொன்றைத்தான் அங்கே சொல்லிக்கொண்டிருந்தேன், மகனே.

ஆண்கள் முப்பது பேர் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். கேட்பதற்கு முன்னால் கேட்பவன் யாரென்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? மஃப்ரக்கில் ஒரு பெரியவர் மூன்று நாள் என்னை உட்கார வைத்தும் நான் கோப்பையைத் தொடாத கதையை எடுத்தேன். ஆளுநரே வந்து கெஞ்சியதாகவும் சேர்த்துக்கொண்டேன். எல்லாரும் வாய் திறந்து கேட்டார்கள். காப்பி ஊற்றுகிறவன் வந்தான், வாங்கினேன். பேச்சு நிற்கவில்லை, தொண்டை வறண்டிருந்தது. மருந்துக்கடை வாஹித் இருமினார். சளி என்று நினைத்தேன். என் தொடையைக் கிள்ளினார். கதையில் லயித்துவிட்டார் என்று நினைத்தேன். இரண்டாவது கோப்பையும் உள்ளே போனது. போதும் என்று கோப்பையை ஆட்டித் திருப்பிக் கொடுத்த பிறகுதான் அறை அமைதியாக இருப்பது எனக்குக் கேட்டது.

உன் மாமனார் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "குடிச்சிட்டீங்களே சம்பந்தி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன். நான் எழுந்து, தவறிவிட்டது, இன்னொரு கோப்பை ஊற்றச் சொல்லுங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "முப்பது பேர் பாத்தாங்க. விருந்தாளியா வந்தீங்க, குடிச்சீங்க, சந்தோஷம். கேக்காதவங்க கையில நானா பொண்ணைப் புடிச்சுக் குடுத்தா, நாளைக்கு அவளுக்கு அந்த வீட்டுல என்ன மரியாதை?" என்றார். பிறகு தயிரில் வெந்த ஆட்டுக்கறியும் சோறும் வந்தன. நான் இரண்டு தாம்பாளம் சாப்பிட்டேன்.

இல்லை. ஒரு பிடிகூட இறங்கவில்லை.

உன் சித்தி பெண்கள் பக்கத்தில் இருந்தாள். வண்டியில் ஏறிய பிறகுதான் சொன்னாள். உள்ளே கதவோரம் சவ்சனின் பெட்டி கட்டித் தயாராக இருந்ததாம். அதன் மேல் தீமாவின் குளிர்ச்சட்டை மடித்து வைத்திருந்ததாம். சவ்சன் காலணியோடுதான் உட்கார்ந்திருந்தாளாம்.

வண்டி கிளம்பும்போது சவ்சனே வாசலுக்கு வந்தாள். "மாமா, நீங்க கேக்கலேன்னு உங்க மேல வருத்தமில்ல. கேட்டிருந்தா வந்திருப்பேன். வந்து என்ன ஆகப்போகுது? நீங்க எழுதறதை அவர் நம்புவார். நான் எழுதறதை நம்ப மாட்டார்" என்று சொல்லி, நீ அவளுக்கு எழுதிய கடிதத்தை என் மடியில் வைத்தாள்.

நான் நான்காம் வகுப்போடு நின்றவன். எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். பாதியிலேயே அந்த வார்த்தைகளை எனக்கு அடையாளம் தெரிந்தது. போட்டோக் கடைக்காரன் கடையை விட்டு இறங்கி வந்து அவளோடு பேசுகிறான், அவள் சிரித்தால் கடைத்தெருவே நின்று பார்க்கிறது. குளிர்காலத்தில் நான் உனக்கு எழுதியவை. உன் மனைவிக்கு ஊரில் எவ்வளவு மதிப்பு என்று காட்டத்தான் எழுதினேன். நீ வேறு மாதிரி படித்திருக்கிறாய். படித்துவிட்டு, ஒரு பெண்ணுக்கு எழுதக் கூடாததையெல்லாம் அவளுக்கு எழுதியிருக்கிறாய்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். நான் அந்தக் கடைக்குப் போகவே இல்லை. போனது உன் சித்தியும் சவ்சனும் தீமாவும். கடைக்காரருக்கு எழுபது வயதிருக்கும், காது சரியாகக் கேட்காது. குழந்தை அழுதது. அவர் சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டினார், குழந்தை சிரித்தது, தாயும் சிரித்தாள். கடையிலும் தெருவிலும் வேறு யாரும் இல்லை. மழை பெய்துகொண்டிருந்தது. கடவுச்சீட்டுக்காகத் தாயையும் மகளையும் அவர் படம் எடுத்த நாள் அது. குவைத்துக்கு உன்னிடம் வந்துவிட வேண்டும், உன்னிடம் முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தார்கள். சித்தி இதை இன்று காலைதான் என்னிடம் சொன்னாள். முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லியிருந்தா அவளை அன்னிக்கே கப்பல்ல ஏத்தி விட்டதா அவனுக்கு எழுதியிருப்பீங்க" என்றாள்.

படம் சித்தியின் பெட்டியில் இருந்தது. இதனுடன் வைத்திருக்கிறேன். பின்பக்கத்தில் 'அப்பாவிடம் போகிறோம்' என்று எழுதியிருப்பது சவ்சன் கையெழுத்து.

நீதிமன்றத்தில் அடுத்த மாதம் பத்தாம் தேதிக்கு முன்பே எழுதி வைத்திருந்தார்களாம், நான் கேட்டிருந்தால் விலக்கியிருப்பார்கள். இந்தக் கடிதத்தைக் குவைத்துக்குப் போகும் லாரி ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன், மூன்று நாளில் உனக்குக் கிடைக்கும். விடுப்புத் தர மாட்டார்கள் என்று எழுதாதே. கிளம்பி வா. இங்கே இறங்காமல் நேராகக் கெராக்குக்குப் போ. என்னைக் கூட்டிப் போகாதே. நீயாகவே போய் உட்கார். காப்பி வந்தால் கீழே வை. உன் மாமனார் பேசாமல் இருந்தாலும் எடுக்காதே, ஆறிப்போனாலும் எடுக்காதே. நீ எழுதியதையெல்லாம் முப்பது பேருக்கு முன்னால் திரும்பப் பெற்றுக்கொள், என் பெயரைச் சொல்லி. சித்தப்பா பொய்யன் என்று சொல். அவர்கள் நம்புவார்கள்.

அவள் வருவாளா என்று என்னைக் கேட்காதே. வருவாள் என்று எழுதக் கை துடிக்கிறது. உன் படத்தை ஆணியிலிருந்து அவள்தான் கழற்றினாளா என்றுகூட எனக்குத் தெரியாது.

'அந்தச் சட்டத்துப் படத்தில் இருப்பது நான்தான்' என்று உன் மகளிடம் நீயே போய்ச் சொல்லும் நாளை இறைவன் உனக்குத் தரட்டும்.

போட்டோக் கடை பற்றி எழுதிய இடத்தைச் சித்தியிடம் படிக்கக் கொடுத்தேன். ஒரு வார்த்தையையும் அவள் மாற்றச் சொல்லவில்லை.

உன் சித்தப்பா,
ஸுஹ்தி