என் அட்டையில் அவள் குண்டு

மே 4, தால்திகோர்கன்

தொலைநோக்கி வாங்கியாயிற்று. நூறு மீட்டரில் என் துப்பாக்கிக் குண்டு எங்கே விழுகிறதென்று இனி நானே பார்க்கலாம். கடையில் என் கணவர் தௌலெத் மானத்தை வாங்கினார். “அறுபது மடங்கு காட்டணும். நிலாவுல பள்ளம் தெரியணும்.”

“உங்க வீட்டம்மா நிலாவையா சுடப் போறாங்க?” என்றார் கடைக்காரர்.

கண் வைக்கும் பக்கம் வளைந்திருப்பதை எடுத்தேன். படுத்துச் சுடும்போது தலையைத் தூக்க வேண்டாம்.

மே 6

நாத்தனார் அக்போத்தா தேநீருக்கு வந்தாள். பொரித்த பவுர்சாக்கை மென்றபடி தொலைநோக்கியைப் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குத் திருப்பினாள். “அண்ணி, குண்டு எங்க போச்சுன்னு எனக்கு இதெல்லாம் இல்லாமலே தெரியும். நடுவுல, பத்துப் புள்ளி வட்டத்துலதான்.”

திமிர். அல்மட்டி போட்டிக்குப் போகும் அணியில் எங்கள் துப்பாக்கிச் சங்கத்துக்கு ஒரே இடம். அவளா, நானா?

மே 11

சுடுதளத்தில் தொலைநோக்கியை அறுபதில் வைத்தேன். வெயிலில் இலக்கு அட்டை கொதிக்கிற பாலாட்டம் தளும்பியது. இருபத்தைந்துக்குக் குறைத்ததும் ஓட்டைகள் பளிச். தௌலெத் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மே 17

ஒவ்வொரு குண்டுக்கும் எட்டிப் பார்க்கிறேன். “சுட வந்தியா, வேடிக்கை பாக்க வந்தியா?” என்கிறார் தௌலெத். இனி ஐந்துக்கு ஒருமுறைதான்.

மே 25

அணித் தேர்வுச் சுற்று. பாதியில் தொலைநோக்கியில் கண்ணை வைத்தேன் – அட்டையில் ஓர் ஓட்டை அதிகம். நான் சுடாத குண்டு! பக்கத்தில் அக்போத்தா. தப்பான அட்டையைச் சுடுகிறாள், அவளுக்கே தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் அடுத்ததும் இங்கேதான் வரும். அல்மட்டி எனக்கு.

மூடிக்கொண்டுதான் இருந்தேன், ஒரு மூச்சு நேரம். அப்புறம் ஏன் கையைத் தூக்கினேன்? தெரியலையே.

நடுவர் பார்த்தார். அந்தக் குண்டுக்கு அவளுக்குச் சுழியம். முகம் வெளுத்துப் போனாள். ஆனால் மிச்சமெல்லாம் தன் அட்டையில் போட்டாள். ஒரு புள்ளியில் என்னை ஜெயித்துவிட்டாள், பாவி.

மே 26

வயிறு எரிகிறது.

மே 29

அக்போத்தா வாசலில் நின்றாள். “அண்ணி, அந்தத் தொலைநோக்கியைக் கொஞ்சம்...”

“தர மாட்டேன்.”

“சரி.” போகத் திரும்பினாள்.

“அது தனியா வராதுடீ. நானும் வருவேன்.”

ஜூன் 7, அல்மட்டி

பயிற்சிச் சுற்று. அவள் படுத்திருக்க, நான் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். “எட்டு. இடப்பக்கம்.” துப்பாக்கியின் குறித்திருகை இரண்டு சொடுக்கு திருப்பினாள். அடுத்தது பத்து.

நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, எதிர்த்துப் பேசாமல் அவள் என் சொல்லைக் கேட்டது இன்றுதான்.