உன் அப்பாவின் பட்டை லாரி

அன்பு மகள் ஸோயாவுக்கு, அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உன் அப்பா நன்றாக இருக்கிறார், ஆடுகள் இரண்டும் பூனையும் நன்றாக இருக்கின்றன. முதல் வரியிலேயே இதைச் சொல்லிவிட்டேன், இதை நம்பிக்கொண்டு மேலே படி, ஏனென்றால் உறையின் மேல் மாவட்ட ஆஸ்பத்திரியின் முத்திரையைப் பார்த்ததும் உனக்கு நெஞ்சு பதறியிருக்கும். பதற வேண்டியதெல்லாம் முடிந்துவிட்டது. இன்றோடு ஏழு நாள், தையல் ஆறிக்கொண்டு வருகிறது, நேற்று கஞ்சி கொடுத்தார்கள், உப்பில்லை என்று சண்டை போட்டேன், அப்படியென்றால் உன் அம்மா எப்படி இருக்கிறாள் என்று நீயே தெரிந்துகொள். போனில் சொல்லியிருக்கலாம், சொன்னால் பாதியிலேயே அழுதுவிட்டு டிக்கெட் எடுக்க ஓடுவாய், மீதியைக் கேட்க மாட்டாய். அதனால்தான் நர்ஸிடம் தாள் வாங்கி எழுதுகிறேன். அங்கே கடல் காற்று ஈரமாக இருக்கும், குழந்தைக்குக் காதை மூடிக் குல்லாய் போடு, நான் பின்னி அனுப்பியது கடிக்கிறது என்று கழற்றிவிடாதே, கடித்தால் கடிக்கட்டும்.

எனக்குக் குடலிறக்கம். போன வசந்தத்திலேயே தெரியும், விதைக் கிழங்கு மூட்டையைத் தூக்கியபோது அடிவயிற்றில் முட்டை அளவுக்குப் புடைத்தது. இங்கே ரிம்மா டாக்டரம்மா பார்த்துவிட்டு உடனே அறுக்க வேண்டும் என்றாள், நான் கிழங்கு நட்டு முடியட்டும் என்றேன். நட்டு முடிந்ததும் வைக்கோல், வைக்கோல் முடிந்ததும் ஊறுகாய், அப்புறம் பனி விழுந்துவிட்டது. உன்னிடம் சொல்லவில்லை, திட்டாதே, திட்டவேண்டியதையெல்லாம் டாக்டரம்மா திட்டிவிட்டாள். போன செவ்வாய்க்கிழமை காலை ஆட்டுக்குத் தண்ணீர் தூக்கிக்கொண்டு போகும்போது அந்த முட்டை வெளியே வந்தது, உள்ளே போகவில்லை. கல் மாதிரி இறுகிவிட்டது. வாளியை வைத்துவிட்டுப் பனியிலேயே உட்கார்ந்தேன். குளிர் சைபருக்குக் கீழே முப்பத்தி நாலு. நம் ஊருக்குப் பனி தள்ளும் வண்டி வருவது நின்று இரண்டு குளிர்காலம் ஆகிறது, ஏழு வீட்டில்தான் புகை வருகிறது, ஏழு வீட்டுக்காக யார் முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வருவார்கள். இடுப்பளவு பனி. இனி எழுதப்போவது உனக்குப் பிடிக்காது. உன் அப்பா என்னை அந்த லாரியில்தான் ஏற்றினார்.

ஆகஸ்டில் லீவுக்கு வந்தபோது நீ சொன்னது எனக்கு நினைவிருக்கிறது, அவருக்கும் நினைவிருக்கிறது. கொட்டகைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது லாரியா, பழைய இரும்புக் கடையா? மீன் பிடிக்கப் போறதுன்னா நீங்க தாராளமா போங்க, நடுக்காட்டுல நின்னா உங்க தலையெழுத்து. அம்மாவை மட்டும் இதுல ஏத்தினீங்கன்னு கேள்விப்பட்டேன், அப்புறம் உங்ககிட்ட பேசவே மாட்டேன்" என்றாய். கூடவே ஒரு தாளில் கணக்குப் போட்டு, லாரியின் பின்னச்சு இத்தனை பாரம்தான் தாங்கும், அதற்குமேல் முறியும் என்று சிவப்பு மையில் கோடு கிழித்து அவர் மேஜையில் எறிந்துவிட்டுப் போனாய். அன்றிலிருந்து இரண்டு பேரும் பேசவில்லை. உன் பிறந்த நாளுக்கு அவர் தபால் ஆபீஸ்வரை நடந்துபோய், போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தார். உன் முரட்டுத்தனம் எங்கிருந்து வந்தது என்று நான் யாரையும் கேட்கவேண்டியதில்லை.

உன் கட்சியில்தான் நானும் இருந்தேன் ஸோயா, அதையும் சொல்லிவிடுகிறேன். மூடிப்போன நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து கரி ஏற்றும் இயந்திரத்தின் ரப்பர் பட்டையைச் சுருட்டிச் சுருட்டி அவரும் பக்கத்து வீட்டு புரோகோரும் கொண்டுவந்து போட்டபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முற்றம் முழுக்க ரப்பர் நாற்றம். பட்டையில் வட்டமாக ஓட்டை போட வேண்டும், துரப்பணம் வைத்தால் ரப்பர் சுற்றிக்கொள்கிறது என்று ஒரு குழாயின் வாயைக் கூராக்கிச் சோப்புத் தண்ணீர் விட்டுச் சுழற்றினார். என் துணி சோப்பு. நூற்றுப் பன்னிரண்டு ஓட்டை, இரண்டு கட்டி சோப்பு. லாரியின் பின்சக்கரத்துக்குப் பின்னால் பழைய டிராக்டர் வண்டியின் அச்சு ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்து, இரண்டு சக்கரத்தையும் சுற்றிப் பட்டையை மாட்டி, டாங்கி போல ஓட்டுவது திட்டம். முன்சக்கரத்துக்குக் கீழே தகரம் அடித்த சறுக்குப் பலகை. பட்டை பனியைப் பிடிக்கக் குறுக்கே இரும்புக் குழாய் வேண்டுமாம். ஒருநாள் சந்தைக்குப் போய்த் திரும்பினால் என் தக்காளிக் கூடாரம் தரையில் கிடக்கிறது, அதைத் தாங்கிய இரும்பு வளைகுழாய் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் நேராக்கி அறுத்து அடுக்கி வைத்திருக்கிறார். மூன்று வாரம் அவரோடு பேசவில்லை. அவர் காதில் விழவேண்டியதைப் பூனையிடம் சொன்னேன். "பூனையே, இந்த வீட்டில ஒரு மனுஷனுக்கு மீன் பைத்தியம் பிடிச்சிருக்கு, உனக்காவது ஒரு வால் கிடைக்குதான்னு பாரு" என்பேன். அவர் தலை நிமிராமல் போல்ட் முடுக்குவார்.

உன் தாளை அவர் அடுப்பில் போட்டிருப்பார் என்றுதான் நினைத்தேன். புரோகோர்தான் பிறகு சொன்னான். கொட்டகைச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவைத்து, கூடுதல் அச்சை ஒரு சாண் பின்னால் தள்ளி, அச்சைத் தாங்கும் வில்தட்டை இரட்டிப்பாக்கி, நீ கிழித்த சிவப்புக் கோட்டுக்குக் கீழே பாரம் வரும்வரை மூன்று முறை பிரித்து மாட்டினாராம். "எம்பொண்ணு தப்பா கணக்குப் போடமாட்டாடா, வாய்தான் கொஞ்சம் நீளம்" என்றாராம். இதை உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன என்று கேட்காதே, அவரைப் பற்றி எனக்குத் தெரியாததா.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். என்னைப் பனியில் பார்த்ததும் உன் அப்பா கொட்டகைப் பக்கம் திரும்பிவிட்டார். ஓடிப்போய் உறைந்த இன்ஜினைச் சூடாக்க அடியில் ஊதுவிளக்கைப் பற்றவைத்தார், பின்கூண்டில் வைக்கோலும் ஆட்டுத்தோல் கோட்டும் பரப்பினார், புரோகோரைக் கத்திக் கூப்பிட்டார். எல்லாம் முன்பே ஒத்திகை பார்த்ததுபோல நடந்தது, வலியிலும் அதை நான் கவனித்தேன். புரோகோர் பின்னால் என்னோடு உட்கார்ந்தான், "அண்ணி, என் கையை எவ்வளவு வேணும்னாலும் நெரிங்க, என் பொஞ்சாதி நெரிக்கறதுல பாதிகூட வராது" என்றான். நெரித்தேன். லாரி நகர்ந்தது ஸோயா. வேலியைத் தாண்டி, புதர்களைத் தாண்டி, இடுப்பளவு பனியின்மேல் முட்டி அளவுகூட அமிழாமல், தடதடவென்று பல் கழன்று விழும் சத்தத்தோடு போய்க்கொண்டே இருந்தது. என் தக்காளிக் குழாய்கள் ஒவ்வொன்றாகப் பனியைக் கவ்வுவதை முதுகில் உணர்ந்தேன்.

ஆறு தாண்டும் இடத்தில்தான் வினை. மேலே பனி, அதற்குக் கீழே உறைந்த ஆற்றின்மேல் தண்ணீர் பொங்கி நின்றிருக்கிறது, வெளியே தெரியவில்லை. நிறுத்தாமல் ஓட்டிக் கரையேறிவிட்டார். அதற்குள் நான் முனகுவதை நிறுத்தியிருந்தேன். வாயில் சால்வையைக் கடித்துக்கொண்டிருந்தேன், வேறொன்றுமில்லை. முன்னால் ஓட்டிக்கொண்டிருந்த அவருக்கு என் சத்தம் கேட்கவில்லை. லாரியை அப்படியே நிறுத்திவிட்டு, பின்னால் ஏறிச் சால்வையை விலக்கி, "தைஸ்யா, தைஸ்யா, இருக்கியா?" என்றார். அந்த முகத்தை நான் முப்பத்தெட்டு வருஷத்தில் பார்த்ததில்லை. "இருக்கேன், இருக்கேன். கம்பு போட்டீங்களா?" என்றேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நனைந்தது எதையும் வெறும் பனியில் நிறுத்தக்கூடாது, அடியில் குறுக்கே கம்பு போட்டுத்தான் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் நிலத்தோடு உறைந்துவிடும். நீ மூன்று வயதில் உன் சின்னச் சறுக்குவண்டியை நிறுத்தும்போதே இரண்டு குச்சி பொறுக்கிப் போடுவாய். பிறந்ததிலிருந்து கம்பு போடாமல் ஒரு கைவண்டியைக்கூட நிறுத்தாத மனுஷன், தண்ணீர் சொட்டும் பட்டையோடு லாரியைப் பனியில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்க ஓடி வந்துவிட்டார். அவர் கீழே இறங்குவதற்குள் பட்டை பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் கோடாரியின் பின்பக்கத்தால் ஒவ்வொரு குழாயாகத் தட்டினார்கள். ஒன்றரை மணி நேரம். ஊதுவிளக்கை நெருக்கமாகக் காட்டினால் ரப்பர் வெந்துவிடும், தூரமாகக் காட்டினால் பனி இளகாது. அவர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு விரலால் பனியைப் பிராண்டுவது எனக்குத் தெரிந்தது, வலது கையில் இரண்டு விரல் நுனி கறுத்திருக்கிறது, விழாது என்கிறாள் டாக்டரம்மா. பிறகு இன்ஜினை உறுமவிட்டு முன்னால் ஒரு விரல் அளவு, பின்னால் ஒரு விரல் அளவு ஆட்டினார். பின்னச்சு முனகியது. புரோகோர் சிலுவை போட்டுக்கொண்டான். "முறிஞ்சா இப்பவே முறியணும் அண்ணே" என்றான். முறியவில்லை. படாரென்று ஒரு சத்தம், பிடிவிட்டு லாரி பாய்ந்தது, மூன்று குழாய் மட்டும் அங்கேயே பனியில் நின்றுவிட்டது. நீ சிவப்பு மையில் போட்ட கோடு தாங்கியது என்று நான் நினைத்துக்கொண்டேன், அதற்குமேல் எனக்கு நினைவில்லை.

கண் விழித்தபோது வயிற்றில் கட்டு. மறுநாள் ரிம்மா டாக்டரம்மா கட்டிலில் உட்கார்ந்து, "குடல் கறுக்க ஆரம்பிச்சிருந்தது, இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா வெட்டி எடுத்திருப்பேன், அதுக்கும் மேல போயிருந்தா உங்களை எழுப்பியிருக்க முடியாது" என்றாள். பிறகு சொன்னதுதான் உனக்கு எழுத வேண்டியது. ஏப்ரலில் நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்த மறுவாரம், உன் அப்பா தனியாக இங்கே வந்திருக்கிறார். "அவ ஒத்துக்கமாட்டா டாக்டரம்மா, எனக்கு அவளைத் தெரியும். சிக்கிக்கிட்டா எத்தனை மணி நேரம் தாங்கும்?" என்று கேட்டாராம். ஆறு மணி நேரத்துக்குள் கொண்டுவந்தால் நல்லது என்று இவள் சொல்லியிருக்கிறாள். சிகரெட் பெட்டியின் அட்டையில் ஆறு என்று எழுதிக்கொண்டு போனாராம். இதைக் கேட்டுக்கொண்டிருந்த நர்ஸ் பெண், "ஓ, அந்தப் பட்டை லாரித் தாத்தாவா? டிசம்பர்ல மூணு தடவை வந்தாரே. வாசல்வரைக்கும் வந்து நிறுத்துவார், கடிகாரத்தைப் பார்ப்பார், யார்கிட்டயும் பேசாம திருப்பிக்கிட்டுப் போயிடுவார், நாங்க ஏதோ கிறுக்குன்னு நினைச்சோம்" என்றாள். டிசம்பரில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கு மீனுக்குப் போகிறேன் என்று போய்விட்டு வெறுங்கையோடு வந்தார், நான் எப்படியெல்லாம் கேலி செய்தேன் என்று உனக்கு எழுத வெட்கமாக இருக்கிறது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதேன், தையல் இழுத்தது, பரவாயில்லை என்று அழுதேன்.

அந்தக் கூண்டில் கிடந்தபோது சாவுக்குப் பயந்தாயா என்று நீ கேட்பாய். என் சாவு எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. அதே லாரியை அவர் வெறுமையாக வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகவேண்டியிருக்குமே என்றுதான் பயந்தேன். இப்போது அந்தப் பயம் போய்விட்டது, வயிற்றைவிட நெஞ்சு லேசாகிவிட்டது. வீட்டை விற்றுவிட்டு அங்கே வந்து இருங்கள் என்று நீ ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறாய். அதற்கு இப்போது பதில் சொல்லமாட்டேன், வசந்தம் வரட்டும், மூன்று பேருமாகப் பேசுவோம். மூன்று பேரும் பேச வேண்டுமென்றால் முதலில் இரண்டு பேர் பேச வேண்டும். நர்ஸ் மூலம் சொல்லி அனுப்பிவிட்டேன், இனி ஞாயிற்றுக்கிழமைதோறும் பன்னிரண்டு மணிக்கு அவர் தபால் ஆபீஸில் இருப்பார், நீ கூப்பிடு. லாரியைப் பற்றிக் கேள், விரலைப் பற்றிக் கேட்காதே, கம்பைப் பற்றி வாயே திறக்காதே, அவர் அதை நினைத்து இரவெல்லாம் புரள்வதாகப் புரோகோர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறான். டாக்டரம்மா என்னிடம் சொன்னதையும் சொல்லிவிடாதே. நர்ஸ் கேட்டதற்குக்கூட மீனுக்காகத்தான் செய்தேன் என்றாராம், அவருக்கு அப்படிச் சொல்லத்தான் வரும்.

குழந்தைக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு ஆசி, நீ நீடூழி வாழ வேண்டும் கண்ணே, கனமானது எதையும் தூக்காதே, வயிற்றில் எங்காவது புடைத்தால் என்னைப் போல் கிழங்கு, வைக்கோல் என்று சாக்குச் சொல்லாமல் அன்றைக்கே டாக்டரிடம் போ. இங்கே சளிக்காய்ச்சல் பரவுவதால் பார்வையாளர்களை உள்ளே விடுவதில்லை. அவர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து, சூப் பாட்டிலைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, ஜன்னலுக்குக் கீழே நின்று மேலே பார்த்துவிட்டுப் போகிறாராம், நர்ஸ்தான் சொல்வாள். கட்டிலைவிட்டு இறங்கக்கூடாது என்று எனக்குத் தடை, அதனால் இந்த ஏழு நாளில் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. இன்று காலை டாக்டரம்மா எழுந்து நடக்கலாம் என்று சொல்லிவிட்டாள். இதோ, தெருமுனையில் தடதடவென்று கேட்கிறது, பக்கத்துக் கட்டில்காரி காதைப் பொத்திக்கொள்கிறாள். தலையை வாரிக்கொண்டு நான் ஜன்னலுக்குப் போக வேண்டும்.

உன் அம்மா,
தைஸ்யா