தெபூக்கா கழற்றிக் கொடுத்த இன்ஜின்

அன்பு மகன் ரெட்லிக்கு, அம்மா எழுதுவது. ரனோங்கா தீவில் நாங்கள் எல்லோரும் கடவுள் கிருபையால் சுகம். ஹில்டாவும் அவள் பெற்ற பெண் குழந்தையும் அதைவிடச் சுகம். ஆஸ்திரேலியாவில் அந்தப் பழத்தோட்டத்துக் குளிரில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் தினமும் கேட்டுக்கொள்கிறேன். போனில் உன் தங்கைக்குக் குழந்தை பிறந்ததைச் சொல்லும்போதே லைன் அறுந்துவிட்டது, எப்படிப் பிறந்தது என்று சொல்லவே முடியவில்லை. அதனால் பழம் பறிக்க வரும் டொரெல் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், வாழைப்பழச் சிப்ஸும் இருக்கிறது, அவன் வழியிலேயே தின்றுவிடாமல் இருந்தால் உனக்குக் கிடைக்கும்.

வலி எடுத்த அன்று காலையில் நம் மருத்துவ நிலையத்து நர்ஸ் தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளை கால் முன்னால் வருகிறது, இங்கே வைத்துப் பார்க்க முடியாது, உடனே கடல் தாண்டிக் கீசோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டாள். படகில் பாய் விரித்து ஹில்டாவைப் படுக்க வைத்தோம், உன் அப்பா இன்ஜினைப் பிடித்தார். பாதிக் கடலில் அது இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுபோனது. கயிற்றை இழுத்து இழுத்து அவர் உள்ளங்கைத் தோல் உரிந்ததுதான் மிச்சம். நீரோட்டம் எங்களை வெளிக்கடல் பக்கம் இழுக்கிறது, வெல்லா லவெல்லா தீவுப் பக்கம் மழை கறுத்துக்கொண்டு வருகிறது, ஹில்டா என் பாவாடை ஓரத்தைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள். நான் வாய்விட்டு ஜெபம் பண்ணினேன், உன் அப்பா இன்ஜினைத் திட்டினார். இரண்டில் எது கேட்டதோ தெரியாது, பாறைத்திட்டு ஓரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு சின்னப் படகு எங்கள் பக்கம் திரும்பியது.

அதில் ஒருத்தன்தான் இருந்தான், தெபூக்கா என்று பெயர். அவன் தாத்தா காலத்தில் கிரிபாஸ் தீவுகளிலிருந்து கீசோவுக்குக் குடிவந்த குடும்பம். நாங்கள் அவனைப் பார்த்ததே இல்லை. ஹில்டாவை எட்டிப் பார்த்தான், நம் படகைப் பார்த்தான், தன் படகைப் பார்த்தான். "என் படகுல படுக்க இடமில்ல. கட்டி இழுத்துட்டுப் போனா பொழுது போயிடும். என் இன்ஜினை மாட்டிக்கிட்டு நீங்க கிளம்புங்க" என்றான். சொல்லிக்கொண்டே இன்ஜின் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான். போன மாதம்தான் வாங்கிய இன்ஜினாம், மேலே ஒட்டிய தாள்கூட உரியவில்லை. எனக்கு வாய் சும்மா இருக்குமா? "தம்பி, நாங்க யாரு, எந்த ஊருன்னே உனக்குத் தெரியாதே" என்றேன். "தெரியாதுதான் அக்கா. பொண்ணுக்கு வலின்னு தெரியுதே, அது போதாதா? இந்தப் பக்கத்தைத் தூக்குங்க" என்றான். அலையில் இரண்டு படகும் இடித்துக்கொள்ள, அந்தக் கனத்தை இந்தப் பக்கம் மாற்றினார்கள் பார், கடலில் விழுந்திருந்தால் அவன் பிழைப்பே போயிருக்கும். பிறகு துடுப்பை எடுத்துக்கொண்டு தீவுப் பக்கம் வலித்துக்கொண்டு போனான், மழை அவனை மறைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தாயும் இல்லை பிள்ளையும் இல்லை என்றார். அந்தப் பேச்சை விடு.

இன்ஜினையும் ஒரு கூடை சேப்பங்கிழங்கையும் எடுத்துக்கொண்டு அப்பாவும் நானும் அவன் வீட்டைத் தேடிப் போனோம். கிழங்கை வாங்கிக்கொண்டான், வேறு எதையும் தொடவில்லை. குழந்தை ஆணாக இருந்திருந்தால் உன் பெயரை வைத்திருப்போம் என்று அப்பா அவனிடம் சொன்னதற்கு, "நல்லவேளை தப்பிச்சுது, என் மாமியாருக்கே என் பேரு வாயில நுழையல" என்று சிரித்தான். கிளம்பும்போது மட்டும், "எனக்கு எதுவும் திருப்பிச் செய்யாதீங்க. யாராவது தவிச்சு நின்னா பாத்துட்டுப் போயிடாதீங்க, அவ்வளவுதான்" என்றான்.

நம் இன்ஜினைப் பழுதுபார்த்த பிறகு, போன வாரம் குழந்தையின் தடுப்பூசிக்காகக் கீசோ போயிருந்தோம். படகுத்துறையில் ஒரு பெண், சொய்சல் தீவுக்காரி, பெயர் வெசிலா, புருஷனின் சவப்பெட்டி மேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் இறந்துபோனாராம். ஏற்றிப்போகிறேன் என்ற படகுக்காரன் காற்றைப் பார்த்துவிட்டு வரவே இல்லை, கூட இருந்தது அவள் தங்கை மட்டும், வெயிலோ ஏறுகிறது. உன் அப்பா என் முகத்தைப் பார்த்தார். சொய்சல் என்ன பக்கத்திலா இருக்கிறது, நடுவில் முழுக்கடல், அவருக்கு இடுப்பு வலி வேறு. ஆனாலும் "என்ன பாக்குறீங்க, பெட்டியைத் தூக்குங்க" என்று நான்தான் சொன்னேன். அதைக் கேட்டதும் துறையில் சும்மா நின்றவர்களெல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் பெட்ரோல் கொண்டுவந்து ஊற்றினார்கள், ஒருத்தன் தன் தார்ப்பாயை உருவிப் பெட்டியை மூடினான்.

படகு கண்ணுக்கு மறைந்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. மறுநாளும் காற்று அடங்கவில்லை, ஆளும் வரவில்லை, போனும் இல்லை. சொந்தப் புருஷனை நானே கடலுக்கு அனுப்பிவிட்டேனே என்று சோறு இறங்கவில்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு துறையிலேயே கிடந்தேன். அதற்கு அடுத்த நாள் மத்தியானம் வந்தார், முகமெல்லாம் உப்பு பூத்து, வாய் நிறையப் பாக்கோடு. கட்டிக்கொண்டு அழுதேன், பிறகு ஏன் இவ்வளவு நேரம் என்று சண்டையும் பிடித்தேன். காற்று அடங்கும்வரை அந்த ஊர்க்காரர்கள் விடவில்லையாம். குழி வெட்டவும் நின்றாராம். அடக்கம் முடிந்ததும் வெசிலா, "நீங்க எங்களுக்கு என்ன உறவுன்னு இத்தனை தூரம் வந்தீங்க?" என்று கேட்டாளாம். இவருக்குப் பேசவா தெரியும்? ஹில்டா கடலில் கிடந்ததையும், பிறந்தவளை முதல்முதலாகக் கையில் வாங்கியபோது கோயிலுக்குப் போடும் சட்டையை அவள் நனைத்துவிட்டதையும் சொல்லியிருக்கிறார். அதுவரை யார் கெஞ்சியும் ஒரு வாய் தண்ணீர் குடிக்காத அந்தப் பெண் சிரித்துவிட்டாளாம். சிரித்து, அழுது, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு துண்டு கிழங்கு கொடுங்கள் என்று கேட்டாளாம்.

மகனே, நீ இருக்கும் இடத்தில் கடலே இல்லை என்றாய். சாலை இருக்கிறது அல்லவா, ஓரத்தில் யாராவது வண்டி நின்றுபோய்க் கையாட்டினால் முதலாளி திட்டினாலும் நிறுத்து. தொப்பி போடாமல் வெயிலில் நிற்காதே. ஞாயிற்றுக்கிழமையில் தூங்கிப் போகாமல் கோயிலுக்குப் போ. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, தாய்மாமன் நீதான் சொல்ல வேண்டும், சீக்கிரம் சொல்லியனுப்பு. அதுவரை அப்பா அவளை "ஏய்" என்றுதான் கூப்பிடுகிறார், அவளும் திரும்பிப் பார்க்கிறாள்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா, மெரின்டா