உயிரை மறந்த ராட்சசன்

உக்குவளை
12.07.1998

அன்புள்ள ஸெய்னுலாப்தீன் நானாவுக்கு,

கொறற்றி எழுதுகிறேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: சிறில் வீட்டுக்கு வந்துவிட்டார். பக்கத்து அறையில் தூங்குகிறார். கத்தாரில் யாராவது வேறு விதமாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

கலேவெலையில் இருக்கும் தன் அண்ணன் நோபர்ட்டைப் பார்க்கப் போனவர், நீங்கள் எழுதிய ராட்சசன் கதைக்குத் தான் வரைந்த படப் பக்கங்களையும் பையில் கொண்டுபோயிருக்கிறார். ஆமிக்காரர் பஸ்ஸை மறித்துச் சோதித்தபோது அதிலிருந்த வரைபடம் அகப்பட்டுவிட்டது. தன் உயிரை எந்த மலையில் ஒளித்துவைத்தோம் என்பதை மறந்துவிட்ட ராட்சசன் தேடித் திரிகிற ஏழு மலைகள். ஆறு மலைகளுக்குக் குறுக்குக் கோடு, ஒன்றுக்குக் கேள்விக்குறி. அங்கே என்ன புதைத்திருக்கிறது என்று கேட்டார்களாம். உயிர் என்று இவர் சொன்னாராம். உடனே முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே நடந்ததை இவர் சொல்லவில்லை.

இவரை விடச் சொல்லிக் கேட்க நாங்கள் முகாமுக்குப் போனோம். உங்கள் மனைவியைப் பற்றி நீங்கள் பெருமைப்படலாம். ஹவ்வா மதினிதான் நீங்களும் இவரும் சேர்ந்து செய்த கதைகள் வந்த பழைய பத்திரிகைகளைக் கட்டி எடுத்து வந்தார். பெரிய அதிகாரிக்கு முன்னால் உட்கார்ந்து சிங்களத்தில் கதை சொன்னார். இளவரசனாக மாறிய பிறகும் கிணற்றை விட்டு வரமாட்டேன் என்ற தவளையில் தொடங்கினார். ராட்சசன் கிளியைப் பிடித்து, "நீ என் உயிரா, பக்கத்து வீட்டுக்காரன் உயிரா?" என்று கேட்கிற இடத்தில் வாசலில் நின்ற சிப்பாய் சிரித்துவிட்டான். அதிகாரி அவனை முறைத்தார். பிறகு அவருக்கும் அடங்கவில்லை. "எங்க அம்மா சொன்ன கதைய இப்படிக் கெடுத்து வச்சிருக்கீங்களே" என்றார்.

மறுநாள் விட்டார்கள். வரைபடத்தை மட்டும் தரவில்லை.

வலது கை விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை. அதனால்தான் நான் எழுதுகிறேன். எலும்பு முறியவில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். நேற்று பென்சிலை எடுத்துக் கிளிக்கு மூக்குப் போட்டார். கோணலாக வந்தது. இந்தக் கிளிக்கு இதுதான் பொருத்தம் என்று சிரித்தார். குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்று அதைக் கேட்டுக்கொண்டே அழுதேன், நானா. நல்ல அழுகைதான்.

அடுத்த கதை கேட்கச் சொன்னார். அனுப்புங்கள். ஆனால் கோட்டை, காவல், கூண்டு ஒன்றும் வேண்டாம். இளவரசன் சந்தைக்குப் போய், கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு, இருட்டுமுன் வெளிச்சத்தோடு வீடு வந்து சேரட்டும்.

ஆண்டவர் உங்களை அங்கே நலமாக வைத்திருக்கட்டும்.

உங்கள் தங்கை,
மரிய கொறற்றி