எட்டுப்படி ஏணி லஞ்சமாகாது

அனுப்புநர்
உரிமையாளர்,
எட்டுப்படி ஏணிப் பட்டறை,
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்தெரு.

பெறுநர்
மேல்முறையீட்டு அலுவலர் அவர்கள்,
இணையப் பெயர்ப் பதிவகம்,
மூன்றாம் தளம்.

பொருள்: தங்கள் நாட்டின் இரண்டெழுத்தில் முடியும் டொமைன் கேட்டு விண்ணப்பித்தது – உடன் அனுப்பிய ஏணியை லஞ்சம் எனக் கருதி விண்ணப்பத்தை நிறுத்திவைத்தது – மறுபரிசீலனை வேண்டுவது தொடர்பாக.

பார்வை: 1. எங்கள் விண்ணப்பம், ஜனவரி 20.
2. தங்கள் பதிவு அலுவலரின் கடிதம், பிப்ரவரி 12.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பதினாறு ஆண்டுகளாக அலுமினிய ஏணி செய்யும் பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். அதன் பெயர் எட்டுப்படி. என் கொழுந்தனாரும் மகளும் ஒன்பது தொழிலாளர்களும் என்னோடு இருக்கிறார்கள். எங்கள் ஊரில் விளக்கு மாட்டுபவர், சுவருக்கு வெள்ளையடிப்பவர், நூலகத்தில் மேல்தட்டுப் புத்தகத்தை எடுப்பவர் எல்லாரும் எங்கள் ஏணியில்தான் ஏறுகிறார்கள். இதுவரை யாரும் விழவில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதுவதுதான் வழக்கம். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

2. சென்ற ஆண்டின் கடைசியில் தங்கள் நாட்டிலிருந்து கொள்முதல் மேலாளர் ஒருவர் எங்கள் பட்டறைக்கு வந்தார். அவருடைய நிறுவனத்துக்கு அங்கே பதினான்கு ஹார்டுவேர் கடைகள் உள்ளன. ஏணியை ஆட்டிப் பார்த்தார், உதைத்துப் பார்த்தார், ஏறிக் குதித்தும் பார்த்தார். பொருளில் குறை காணவில்லை. ஆனால் தம் நாட்டு எழுத்தில் முடியாத இணைய முகவரியைக் கண்டால் தம் மக்கள் வாங்கத் தயங்குவார்கள் என்றார். "உங்க ஏணில ஏறிடுவாங்கம்மா, உங்க வெப்சைட்லதான் நுழைய மாட்டாங்க" என்பது அவர் வாக்கு. டொமைன் கிடைத்தால் ஏப்ரல் முதல் பதினான்கு கடைகளிலும் எங்கள் ஏணி நிற்கும். அதை நம்பி நான்கு பேரைப் புதிதாக வேலைக்குச் சேர்த்துவிட்டேன். அவர்கள் வந்து வேலை பழகிவிட்டார்கள்.

3. தங்கள் விதி 9-இன்படி, வெளிநாட்டு நிறுவனம் டொமைன் பெற வேண்டுமானால் அதன் பொருளைத் தங்கள் நாட்டில் ஒருவராவது பயன்படுத்தி வர வேண்டும். மேலாளரோ, டொமைன் வந்த பிறகே பொருளை வாங்குவேன் என்கிறார். நீங்கள் முதலில் போங்கள், நீங்கள் முதலில் போங்கள் என்று இரு தரப்பும் வாசலில் மரியாதை காட்டிக்கொண்டிருக்க, நாங்கள் வெளியே நின்றோம்.

4. இனி எங்கள் தவறைச் சொல்கிறேன். எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. புதிதாக யாரோடு தொடர்பு வைத்துக்கொண்டாலும் முதலில் ஓர் ஏணி போகும், காகிதமெல்லாம் பிறகுதான். ஏறிப் பார்க்காதவரிடம் எங்களை நம்புங்கள் என்று கேட்பது நாகரிகமல்ல என்பது என் கொழுந்தனாரின் கட்சி. அவர் எடை தொண்ணூற்று நான்கு கிலோ. வீட்டில் எடைக்கல் என்றே அழைப்போம். பட்டறையில் செய்யும் ஒவ்வொரு ஏணியின் ஏழாம் படியிலும் நின்று ஒரு டம்ளர் தேநீரை நிதானமாகக் குடித்து முடித்த பிறகே அதை வெளியே விடுவார். மருத்துவர் கண்டித்த பிறகு அரை டம்ளர். இப்படித் தேறிய ஏணிகள் மகள் படித்த கல்லூரிக்கும், என் பல் மருத்துவருக்கும், இன்னும் பலருக்கும் போயிருக்கின்றன. ஒருவரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

ஆகவே தங்கள் பதிவகத்துக்கும் ஒன்று அனுப்பலாம் என்றேன். விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா, இது ஆன்லைன் விண்ணப்பம். இதுல ஏணியை எப்படி இணைப்பீங்க?" என்று கேட்டாள். லாரியில் இணைத்தேன்.

5. தங்கள் பதிவு அலுவலர் அதை விதி 22-இன்கீழ், முடிவைத் தம் பக்கம் சாய்க்கும் நோக்கில் அனுப்பிய பரிசுப் பொருள் என்று வகைப்படுத்தி விண்ணப்பத்தை நிறுத்திவைத்தார். ஏணி தனியறையில் வைத்து முத்திரையிடப்பட்டுள்ளது என்றும் எழுதினார். அவர் கடமையில் தவறவில்லை. கடிதத்தைப் படித்ததும் என் கொழுந்தனார் அன்று ஓர் ஏணியிலும் ஏறவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். "லஞ்சம் கொடுக்கிறவன் இவ்ளோ கனமாவா அண்ணி அனுப்புவான்?" என்று ஒருமுறை கேட்டார்.

6. மார்ச் 2 அன்று காலை பட்டறைத் தொலைபேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. பேசியவர் ஏணியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்து அழைத்திருந்தார். "அக்கா, ஏணி நல்லாத்தான் இருக்கு. ஒரு கால்ல மட்டும் ரப்பர் புஷ் தேஞ்சுடுச்சு. மூணு மாடியும் இழுத்துட்டுப் போனா தேயாதா? ஒண்ணு அனுப்பி வைங்க" என்றார். எந்த இடம் என்று கேட்டேன். தங்கள் பதிவகத்தின் பெயரைச் சொன்னார். அங்கே பராமரிப்பு ஊழியராம்.

முத்திரையிட்ட அறையில் அல்லவா ஏணி இருக்கிறது என்று மெல்லக் கேட்டேன். "சீல் கதவுக்குத்தான் அக்கா. அந்த ரூமுக்கு ரெண்டு கதவு" என்றார்.

தங்கள் அலுவலக மாடிப்படியில் நான்கு மாதமாக விளக்கு எரியாமலிருந்தது என்றும், ஏணி வாங்கும் கோப்பு இன்னும் மூன்று கையெழுத்துக்குக் காத்திருக்கிறது என்றும், எங்கள் ஏணி வந்தபின் பதினேழு விளக்குகள் மாற்றப்பட்டன என்றும் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

7. அன்றே நான்கு ரப்பர் புஷ்களை அனுப்பினேன். ஏணியை இழுக்காமல் தூக்கிச் செல்லும்படி அவரிடம் சொன்னேன். என்றாலும் சில வாரங்களிலேயே ரப்பர் தேய்ந்தது எங்கள் குறைதான். தடித்த ரப்பருக்கு மாறிவிட்டோம். பெற்றுக்கொண்டதற்கான சீட்டு தங்கள் அலுவலக முத்திரையோடு திரும்பி வந்துள்ளது. தங்கள் நாட்டில் ஒருவர் எங்கள் பொருளைப் பயன்படுத்துகிறார், குறை சொல்கிறார், நாங்கள் அதைச் சரி செய்கிறோம். வணிகம் என்பதற்கு இதைவிட முழுமையான இலக்கணம் விதி 9-இல் இல்லை.

8. விண்ணப்பித்தபோது எங்களுக்காக ஒதுக்கிய டொமைன் பெயர் மார்ச் 21 அன்று காலாவதியாகிறது. அதன்பின் அது வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போகும். அவர் பெயர்களைப் பதிந்து வைத்திருந்து வேண்டியவருக்கு விற்பவர் என்று மகள் கண்டறிந்தாள். அவருக்குத் தங்கள் நாட்டில் முகவரி இருக்கிறது, எல்லாக் காகிதமும் இருக்கிறது. ஏணி மட்டும் இல்லை.

9. இணைத்துள்ள சீட்டில் கையெழுத்தின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கிறேன். இதை ஆதாரமாகக் காட்டலாமா என்று அந்த ஊழியரையே கேட்டேன். "காட்டுங்க அக்கா, நான் விளக்குதானே மாட்டினேன்" என்றார். அவர் சம்மதித்தார், நான் சம்மதிக்கவில்லை. தாங்கள் நினைத்தால் ஐந்து நிமிடத்தில் அவர் யாரென்று கண்டுபிடித்துவிடலாம். நினைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தங்கள் பதிவகத்தில் எங்களைப் பற்றி முடிவெடுத்தவர்களில் ஏறிப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். கையெழுத்தைப் பார்த்தால்தான் டொமைன் தர முடியும் என்றால் இம்மனுவைத் தள்ளுபடி செய்துவிடுங்கள். ஒரு மனிதரின் வேலைமேல் மிதித்து ஏறிப் பதினான்கு கடைகளுக்குப் போக எங்களுக்கு மனமில்லை. கொழுந்தனாரும் மகளும் இதற்கு உடன்படுகிறார்கள். புதிதாக வந்த நால்வரிடமும் சொல்லிவிட்டேன். முத்திரை ஒன்றே போதும் என்று தாங்கள் கருதினால் விண்ணப்பத்தை மீண்டும் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

10. எங்கள் ஏணிகளுக்குப் பத்தாண்டுப் பொறுப்பு உண்டு. தங்கள் முடிவு எதுவானாலும், தங்கள் அலுவலகத்தில் இருக்கும் ஏணிக்கும் அது செல்லும். எப்போது அழைத்தாலும் பதில் சொல்வோம். அந்தப் பதில் எந்த முகவரியிலிருந்து வரவேண்டும் என்பதை மட்டும் மார்ச் 21-க்குள் தாங்கள் தீர்மானித்துத் தர வேண்டுகிறேன்.

இணைப்பு: முத்திரையிட்ட சீட்டு, ஒன்று. இம்முறை பொருள் எதுவும் இணைக்கப்படவில்லை.

இடம்: பட்டறை அலுவலகம்
நாள்: மார்ச் 11

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
உரிமையாளர், எட்டுப்படி