சோபாவிலிருந்து சொன்ன ஜெபமாலை

மந்தைவெளி,
பிப்ரவரி 5.

லிசாவுக்கு டெல்பின் எழுதுவது.

நீ நலமாய் இருப்பதாக உன் தம்பி அகஸ்டின் சொல்லிவிட்டான். அதனால் நலம் விசாரிக்கவில்லை. 'அன்புள்ள' என்று போடலாமா என்று கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனசு வரவில்லை, விட்டுவிட்டேன்.

வாட்ஸ்அப்பில் உன்னை ப்ளாக் செய்து இன்றோடு பதினெட்டு நாள். மேத்யூவின் போனுக்கு நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எதையும் நான் கேட்கவில்லை. எனக்குப் போட்டுக் காட்டக்கூடாது என்று அந்த மனுஷனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். உன் குரலைக் கேட்டால் நான் இளகிவிடுவேன், அது எனக்கே தெரியும். இளகுவதற்குள் எழுதிவிட வேண்டும். அகஸ்டின் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை மஸ்கட் திரும்புகிறான். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். கவரை நன்றாக ஒட்டித்தான் கொடுப்பேன், உங்கள் குடும்பத்தில் யாரையும் இனி நான் நம்புவதாக இல்லை.

இங்கே சேதி இதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பதினாறு நாள் ஆகிறது. ஸ்கூலுக்கு மெடிக்கல் லீவு போட்டிருக்கிறேன். ஆறாம் வகுப்புக் கணக்குக்கு என் இடத்தில் போட்டிருக்கும் பெண், பின்னங்களை மறுபடி முதலிலிருந்து நடத்துகிறாளாம், பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கிறார்கள். மேத்யூ சமைக்கிறார். அவர் வைக்கும் ரசத்தைச் சாப்பிட்டால் எந்தத் தொப்பையும் தானாகவே கரைந்துவிடும், இவ்வளவு பாடு பட்டிருக்கவே வேண்டாம். கோயில் பாடகர் குழுவில் கீழ்க்குரலுக்கு ஆள் இல்லை என்று சாமியார் சொல்லியனுப்பினார். மாடிப்படி ஏறக்கூடாது என்று எனக்கு உத்தரவு, பாடகர் இடமோ மாடியில். இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

மாரடைப்பு இல்லை என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிட்டது. ஆனால் போன வாரம் டாக்டர் ஜஹனாரா என்னை ட்ரெட்மில் டெஸ்டுக்கு அனுப்பினார். நாலாவது நிமிஷத்தில் நிறுத்திவிட்டார்கள். எந்த டெஸ்டைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். டிசம்பரிலேயே தேதி வாங்கி, நான் போகாமல் விட்ட அதே டெஸ்ட்.

ஏன் போகவில்லை என்பதைத்தான் உனக்கு எழுத வேண்டியிருக்கிறது.

போன மே மாதம் நீ மஸ்கட்டிலிருந்து வந்திருந்தபோது தி.நகரில் துணி எடுக்கப் போனோமே. லிஃப்ட் வேலை செய்யாமல் மூன்றாவது மாடிக்கு ஏறி, பட்டுப்புடவைப் பிரிவின் வாசல் படியிலேயே ரெண்டு பேரும் உட்கார்ந்துவிட்டோம். கடைப் பெண் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் நூற்றுப் பதினெட்டு கிலோ, நீ நூற்று இருபத்தொன்று. நாலாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், ஒரே படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினோம். அங்கேயேதான் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய், இளைத்தால் ரெண்டு பேரும் சேர்ந்துதான் என்று. நானா கேட்டேன்? நீதான் சொன்னாய்.

எனக்கு எல்லாம் உடனே நடக்க வேண்டும். மறுநாளே ஜிம்மில் சேர்ந்து குதிக்க வேண்டும் என்று குதித்தேன். நீதான் என்னை லஸ்ஸில் டாக்டர் ஜஹனாராவிடம் இழுத்துப் போனாய். இந்த எடையில் எடுத்த எடுப்பில் குதித்தால் முட்டி முதலில் போகும், நெஞ்சு என்ன செய்யும் என்று பார்க்காமல் சொல்ல முடியாது என்றார் அவர். மூன்று மாசம் நடை மட்டும், அதுவும் பத்து நிமிஷத்தில் ஆரம்பித்து வாரத்துக்குக் கொஞ்சமாய்க் கூட்டி. நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருக்கும் பயிற்சி. நெஞ்சு இறுகினாலோ, தாடைக்கோ கைக்கோ வலி போனாலோ, தலை சுற்றினாலோ அந்த நிமிஷமே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். ட்ரெட்மில் டெஸ்ட் முடித்து அவர் கடிதம் கொடுத்தால்தான் ஜிம். வேகத்துக்கு அளவு என்ன என்று நான் கேட்டதற்கு, நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, பேச்சு அறுந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அதைக் கேட்டதும் ஜெபமாலை யோசனை உனக்குத்தான் வந்தது. எப்படியும் சாயங்காலம் ஜெபமாலை சொல்கிறோம், அதையே போனில் சொல்லிக்கொண்டு ஒரே நேரத்தில் நடப்போம் என்றாய். நான் இங்கே நாகேஸ்வர ராவ் பூங்காவில், நீ அங்கே உங்கள் கட்டடத்தைச் சுற்றி. 'அருள் நிறைந்த மரியே' முன்பாதி நான், பின்பாதி நீ. சொல்ல முடியாமல் யாருக்கு மூச்சு அறுகிறதோ அவளுக்காக ரெண்டு பேரும் வேகத்தைக் குறைக்க வேண்டும். என்ன அருமையான யோசனை என்று கோயிலில் எல்லாரிடமும் உன்னைப் பற்றிப் பெருமை அடித்துக்கொண்டேன்.

ஜூன், ஜூலை ரெண்டு மாசமும் நீ உண்மையாகவே நடந்தாய் என்று நம்புகிறேன். உனக்கும் இரைத்தது, எனக்கும் இரைத்தது. ஆகஸ்டில் பத்து நாள் தியானத்துக்குப் போகிறேன், போன் எடுக்க மாட்டேன் என்றாய். அந்தப் பத்து நாளும் உன் தியானம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று தனியாக நடந்து, ரெண்டு பாதியையும் நானே சொல்லி, உனக்காக ஒப்புக்கொடுத்தேன்.

திரும்பி வந்தபோது உனக்கு இரைக்கவே இல்லை. பின்பாதி கணீரென்று வந்தது. நான் பதினைந்து நிமிஷத்தில் திணறுகிறேன், நீ செய்தி வாசிப்பவள் மாதிரி பேசுகிறாய். அப்புறம் எடை மெஷினில் உன் கால் தெரியும் போட்டோக்கள் வர ஆரம்பித்தன. நூற்று நாலு. தொண்ணூற்றெட்டு. எனக்கு நாலு மாசத்தில் ஐந்து கிலோதான் குறைந்திருந்தது. டாக்டர் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார், நான் பார்த்து அழுதேன். என்னடி செய்கிறாய் என்று உன்னைக் கேட்டேன். ஜிம்மில் சேர்ந்துவிட்டேன், குதிக்கிற கிளாஸ் போகிறேன் என்றாய். டெஸ்ட் எடுத்தாயா என்று கேட்டேன். அதெல்லாம் எடுக்கவில்லை, டாக்டர்கள் பயமுறுத்தத்தான் செய்வார்கள் என்றாய்.

டெஸ்ட் தேதியை விட்டுவிட்டு, கிறிஸ்துமஸ் முடிந்ததும் மந்தைவெளியில் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். என் தப்பையும் எழுதிவிடுகிறேன். அங்கே ஒரு படிவம் கொடுத்தார்கள். நெஞ்சு வலி உண்டா, மயக்கம் உண்டா, டாக்டர் எதையாவது வேண்டாம் என்றாரா. எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்தேன். பரீட்சையில் பார்த்து எழுதும் பிள்ளைகளை வெளியே நிற்க வைக்கிறவள் நான். பயிற்சியாளர் குருபிரசாத் டாக்டர் கடிதம் எங்கே என்று கேட்டான். கொண்டுவருகிறேன் என்றேன். அதுவரைக்கும் நடை மட்டும்தான் மேடம் என்றான். நான் விடவில்லை. உன் பழைய போட்டோவையும் புதுப் போட்டோவையும் காட்டி, என்னைவிட மூன்று கிலோ கூட இருந்தவள் எந்தக் கடிதமும் இல்லாமல்தான் இப்படி ஆனாள் என்று நச்சரித்தேன். நச்சரிப்பு தாங்காமல் ஒருவழியாய்க் கிளாஸில் சேர்த்துக்கொண்டான். பாவம், அவனுக்கு இன்னும் உதறல் போகவில்லை, தினமும் மேத்யூவுக்குப் போன் செய்து விசாரிக்கிறான்.

ரெண்டாவது வாரம் புதன்கிழமை. ரவிக்கைக் கொக்கிகளை யாரோ உள்ளேயிருந்து இழுத்துப் பிடிக்கிற மாதிரி நெஞ்சு இறுகியது. உட்கார்ந்ததும் விட்டுவிட்டது. அன்று சாயங்காலம் உன்னிடம்தான் சொன்னேன். மேத்யூவிடம் சொல்லவில்லை, டாக்டரிடம் சொல்லவில்லை. அதற்கு நீ, "ஆரம்பத்துல அப்படித்தாண்டி அடைக்கும், ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்" என்றாய்.

லிசா, இந்த ஒரு வாக்கியத்தைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. நீ ஒரு அடி குதித்ததில்லை. ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்று உனக்கு எப்படித் தெரியும்?

வெள்ளிக்கிழமை காலை தொண்ணூற்றொன்று என்று போட்டோ அனுப்பினாய். அன்று கிளாஸில் மறுபடி இறுகியது. காலையில் சாப்பிட்ட சுண்டல் வாயு என்று நினைத்துக்கொண்டேன், லிசா தாண்டியதை நான் தாண்ட மாட்டேனா என்றும் நினைத்துக்கொண்டேன். அப்புறம் தரை. குருபிரசாத் ஆம்புலன்ஸுக்குக் கத்துவது மட்டும் காதில் விழுந்தது.

மறுநாள் அகஸ்டின் பார்க்க வந்தான். என் உடம்பில் ஒட்டியிருந்த ஒயரை எல்லாம் பார்த்துவிட்டு, "இன்னாக்கா இது, லிசாக்கா வயித்துல ஆபரேஷன் பண்ணிக்கினப்போகூட இம்மாம் ஒயர் இல்லியே" என்றான். எந்த ஆபரேஷன் என்று கேட்டேன். அவன் சிரித்தான். உங்களுக்குத் தெரியாமலா, நீங்கள் ரெண்டு பேரும் ஒரே உயிராயிற்றே என்றான். எனக்குத் தெரியும் என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாய்க் கேட்டேன். அவன் வெள்ளந்தி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். ஆகஸ்டில் இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன். உன் வீட்டுக்காரர் ரொனால்ட் லீவு போட்டுக் கூட இருந்தது. தியானமும் இல்லை, ஜிம்மும் இல்லை. "ஆபரேஷனுக்கு அப்பால அக்கா சோபாவுல சாஞ்சிக்கினுதான் உங்களாண்ட ஜெபமாலை சொல்லும்" என்றான்.

நான் பூங்காவில் நாக்கு தள்ள நடந்துகொண்டு, உனக்கு இரைக்கவில்லையே, நானும் இன்னும் கொஞ்சம் வேகமாய்ப் போக வேண்டுமே என்று காலை எட்டிப் போட்டுக்கொண்டிருந்தேன். நீ குஷனில் சாய்ந்திருந்தாய். அடிப்பாவி, மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே எப்படியடி பொய் சொன்னாய்? மனுஷியை ஏமாற்ற வேறு நேரமே கிடைக்கவில்லையா?

நீ ஏன் மறைத்தாய் என்று யோசிக்காமல் இல்லை. எங்கள் ஸ்கூல் தேவானை டீச்சர் இதே ஆபரேஷன் செய்துகொண்டபோது, வயிற்றை வெட்டிக்கொண்டு இளைப்பதெல்லாம் ஒரு இளைப்பா என்று உன்னிடம்தான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு உனக்கு உறைத்திருக்கும். அது என் வாய்க்கொழுப்பு, ஒத்துக்கொள்கிறேன். டாக்டரிடம் இப்போது கேட்டேன். சிலருக்கு அதுதான் சரியான வைத்தியம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்றார். நீ செய்துகொண்டதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் சிரித்திருந்தால் நாலு நாள் சிரித்திருப்பேன். நீ திட்டியிருப்பாய், நான் வாயை மூடியிருப்பேன்.

ஆனால் உனக்கு மயக்க மருந்து கொடுத்து மேஜையில் கிடத்தியபோது நான் இங்கே வீட்டில் தோசைக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்திருப்பேன். ஏதாவது ஆகியிருந்தால்? கோயில் அறிவிப்புப் பலகையில் உன் பெயரைப் படித்துத்தான் எனக்குத் தெரிந்திருக்குமா? உன் முதல் பிரசவத்தில் வெளியே நின்றவள் நான். என் அம்மாவைப் பெட்டியில் வைத்தபோது என்னைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நீ. இந்த ஒரு தடவை மட்டும் என்னைக் கதவுக்கு வெளியேகூட நீ நிறுத்தவில்லை. நெஞ்சு அடைத்ததைவிட இதுதான் எனக்கு வலிக்கிறது.

பதினேழாம் தேதி காலை எட்டு மணிக்கு எனக்கு ஆஞ்சியோ. கை மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு, அடைப்பு எங்கே, எவ்வளவு என்று பார்ப்பார்கள். இருந்தால் அங்கேயே ஸ்டென்ட் வைப்பார்கள், அதிகம் இருந்தால் பைபாஸ். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஒன்றும் இல்லை, சும்மா ஒரு டெஸ்ட் என்று மேத்யூவிடம் சிரித்துக்கொண்டே சொல்கிறேன். உன்னிடம் அப்படிச் சொல்ல வரவில்லை. பயமாக இருக்கிறது லிசா. ரொம்பப் பயமாக இருக்கிறது.

வைட்டமின் மாத்திரையை நீ சரியாகப் போடுவதில்லை, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது என்று அகஸ்டின் சொன்னான். ஒழுங்காகப் போடு. இத்தனை பேரை ஏமாற்றி வாங்கிய உடம்பை உருப்படியாக வைத்துக்கொள். உன்னையும் ரொனால்டையும் பிள்ளைகளையும் மாதா தன் முந்தானையில் வைத்துக் காக்கட்டும்.

உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பதினேழாம் தேதிக்கு அப்புறமும் உன்மேல் கோபித்துக்கொண்டிருக்க எனக்கு ஆயுசு கொடுக்கச் சொல்லி வேண்டிக்கொள்.

டெல்பின்