நான்கு அங்குலம் கூடிய கரும்பலகையைத் திருப்பித் தரக் கோருதல்

அனுப்புநர்:
மூன்று தண்ணீர் லாரிகளின் உரிமையாளர்,
மேட்டுத் தெரு.

பெறுநர்:
தேர்தல் நடத்தும் அலுவலர் அவர்கள்,
சட்டமன்றத் தொகுதி அலுவலகம்.

பொருள்: சுயேச்சை வேட்பாளரின் கரும்பலகை மீது நான் கொடுத்த புகாரை நானே திரும்பப் பெறுதல் – வாக்குப்பதிவுக்கு முன் பலகையைத் திருப்பித் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற திங்கட்கிழமை தங்கள் அலுவலகத்தில் புகார் கொடுத்தவன் நான். ஒப்புகைச் சீட்டு தரத் தாமதமானதென்று மேசையைத் தட்டியவனும் நானே; அதற்காக எழுத்தரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அடுப்பு பழுதுபார்க்கும் கடை வாசலில் வேட்பாளர் வைத்திருந்த கரும்பலகை, அனுமதித்த அளவைவிட நான்கு அங்குலம் அகலம் கூடுதல் என்று நாடா பிடித்து அளந்து எழுதியிருந்தேன். அளந்தது சரிதான். அளக்கப் போன புத்திதான் சரியில்லை.

2. அந்தக் கடையை நடத்தும் வேட்பாளரை எங்கள் பகுதியில் அடுப்பக்கா என்பார்கள். இருபது வருடமாக எல்லார் வீட்டுச் சமையலறைக்குள்ளும் போய் வருபவர்; எந்த வீட்டில் எத்தனை குடம் காலியாக நிற்கிறது என்பது அவருக்கு அத்துப்படி. கொடியும் ஒலிபெருக்கியும் இல்லாமல், தன் நிலைப்பாடுகளை அந்தப் பலகையில் எழுதி வந்தார். சுகாதார நிலையம் இரவு எட்டு மணி வரை திறந்திருக்க வேண்டும். மாநிலம் முழுவதும் காலியாக உள்ள ஆசிரியர் இடங்களை நிரப்பிவிட்டுப் பிறகு புதுப் பள்ளிக் கட்டடம் கட்டலாம். சிறு பட்டறைகளுக்கு மின்கட்டணம் குறைய வேண்டும். மாவட்டத்தை இரண்டாகப் பிரிப்பதைப் பற்றி, "எனக்குத் தெரியவில்லை. படித்துவிட்டு வெள்ளிக்கிழமை எழுதுகிறேன்" என்று எழுதினார். சொன்னபடி வெள்ளிக்கிழமை எழுதவும் செய்தார். ஓட்டுக் கேட்கும் இடத்தில் தெரியாது என்று எழுதிய ஒரு வேட்பாளரை நான் அதுவரை கண்டதில்லை.

3. எழுதியதை அவர் அழிப்பதும் இல்லை. எல்லோருக்கும் இலவசப் பேருந்து என்று முதலில் எழுதியிருந்தார். நடத்துநர் ஒருவர் வந்து, "இருக்கிற பஸ்ஸே பத்தல. இலவசம்னா யாரு எதுல ஏறுவாங்க?" என்று கேட்டார். அடுப்பக்கா அந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டு, கீழே 'முதலில் பேருந்துகள்' என்று எழுதினார். தான் மாறியது ஊருக்குத் தெரியட்டும் என்று பழைய வரியையும் விட்டுவைத்தார்.

4. ஒரு நிலைப்பாட்டால் யாருக்குப் பாதிப்போ, அவரிடம் நேரில் சொல்லிவிட்டுத்தான் பலகையில் எழுதுவார். என் வீட்டுக்கும் வந்தார். "அண்ணே, மேட்டுத் தெருவுக்குக் குழாய்த் தண்ணி வரணும், லாரி அவசரத்துக்கு மட்டும்தான்னு நாளைக்கு எழுதப் போறேன். அடுத்தவங்க சொல்லி உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு வந்தேன்" என்றார். என் பிழைப்பில் கை வைக்கிறார் என்று வாய்க்கு வந்தபடி பேசி வெளியே போகச் சொன்னேன். மறுநாள் பலகையில் அதை எழுதினார். அதோடு சேர்த்து, "இதனால் ஆறு ஓட்டுநர்களுக்கு வேலை போகும். அதற்கு என்னிடம் இன்னும் வழியில்லை. லாரிக்காரரின் கோபம் நியாயம்" என்றும் எழுதினார். நான் கத்திய கத்தலில் நியாயமாக இருந்தது ஓட்டுநர்களைப் பற்றிய அந்த ஒன்றுதான். அதை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறார். வயிற்றெரிச்சலில், அந்த வரியைப் படித்தும் படிக்காதவன்போல் தங்களிடம் ஓடி வந்தேன்.

5. தங்கள் ஊழியர்கள் வந்து, ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் பலகையை எடுத்துப் போனார்கள். வெறும் சுவரைப் பார்த்தால் ஊர் வாய் சும்மா இருக்குமா? அடுப்பக்காவை லாரிக்காரர் வளைத்துப் போட்டுவிட்டார், அதனால்தான் பலகை காணாமல் போனது என்று தெருவெல்லாம் பேச்சு. டீக்கடையில் ஒருவர் என் முதுகில் தட்டி, "கெட்டிக்காரன்யா நீ!" என்றார். எனக்குக் கூசிப் போயிற்று. புகாரின் நகல் கையில் இருந்தும், கொடுத்தது நான்தான் என்று அடுப்பக்கா ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. கேட்டவர்களிடம், "அளவு கூடிடுச்சு, தப்பு என்னோடதுதான்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். என் மனைவி இரண்டு நாளாக என்னோடு பேசுவதில்லை. பேச்சை நிறுத்துமுன் கடைசியாகச் சொன்னது: "மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போனவங்க மேல புகார் குடுத்த மனுஷன் நீங்க ஒருத்தர்தான்."

6. ஆகவே ஐயா, புகார் கொடுத்தவன் நானே, வேட்பாளருக்கும் எனக்கும் எந்த உடன்பாடும் கிடையாது என்று தங்கள் அறிவிப்பாகவே அந்தச் சுவரில் ஒட்ட வேண்டும். பலகையைத் திருப்பித் தர வேண்டும். கூடுதலான நான்கு அங்குலத்தை அறுக்கத் தச்சரை நானே அழைத்து வருகிறேன்.

7. அவருக்கு ஓட்டுப் போடுவேனா என்று இன்றுவரை எனக்கே தெரியாது. அவர் ஜெயித்தால் என் லாரிகள் நிற்கும். ஆனால் அவர் தோற்பதாக இருந்தால், எழுதியதை மக்கள் படித்துப் பார்த்துத் தோற்கட்டும். நாட்கள் குறைவு, எல்லாவற்றையும் மறுபடி எழுத அவருக்கு நேரம் போதாது. தாங்கள் அனுமதித்தால், லாரியைப் பற்றிய வரியை நான் எழுதித் தருகிறேன். எனக்கு அது மனப்பாடம்.

தங்கள் உத்தரவுக்காக அடுப்பக்காவின் கடை வாசலிலேயே காத்திருக்கும்,

(கையொப்பம்)
லாரிக்காரர்

இடம்: மேட்டுத் தெரு
நாள்: வாக்குப்பதிவுக்கு முந்தைய வியாழக்கிழமை